சுற்றுப்புறத்தில் சத்தம் அதிகம்

ஜூன் 3, செவ்வாய்

ஹார்டுவேர் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு காரியம் வந்திருக்கிறது. வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறேன். பஞ்சாலையில் முப்பத்து நாலு வருஷம், அதில் பதினெட்டு வருஷம் ஸ்பின்னிங் மேஸ்திரி. எந்த மெஷின் வந்தாலும் அன்றிலிருந்தே நோட்டுப் போட்டு எழுதிப் பழகிய கை. இதையும் அப்படியே எழுதுகிறேன்.

காரணம்: டிவியில் பேச்சு புரிவதில்லை. இப்போது வருகிற படங்களில் ஒருத்தனும் வாயைத் திறந்து பேசுவதில்லை, கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு முனகுகிறான். அது போதாதென்று இந்த ஒல்லி டிவிக்கு ஸ்பீக்கரை முதுகில் வைத்திருக்கிறார்கள். வசனமெல்லாம் சுவரைப் பார்த்துப் போகிறது. சுவரா கதை கேட்கப் போகிறது?

என் காதில் ஒரு குறையும் இல்லை. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் எழுத வேண்டும். மகள் கோகிலவாணி குழந்தையோடு வந்தாள். பெல் அடித்தால் நாங்கள் கதவு திறக்க நேரமாகிறதாம், அதனால் தனியாக ஒரு சாவி வைத்திருக்கிறாள். உள்ளே வந்தவள் டிவியைப் பார்த்தாள். படத்தை இல்லை, ஓரத்தில் தெரிந்த எண்ணை. ஐம்பத்தெட்டு.

“ஏனுங்கப்பா, எதுக்கு இத்தன சத்தம்?”

“ஃபேன் சத்தத்துல கேக்கறதில்ல கண்ணு.”

ஃபேன் ஓடவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அவள் வீட்டில் பன்னிரண்டில்தான் வைப்பார்களாம்.

ஜூலை பதினாலாம் தேதி அவளுக்குப் பிரசவ லீவு முடிகிறது. அன்றிலிருந்து குழந்தை பகல் முழுக்க எங்களிடம் என்பது வளைகாப்பு அன்றே பேசி முடிந்த விஷயம். இப்போது போகிற போக்கில் சொல்கிறாள், “ஆபீஸ் பக்கத்துல ஒரு க்ரெஷ் இருக்குதுங்கப்பா. சும்மா பாத்துட்டு வந்தேன்.” சும்மா பார்த்தாளாம். ஜூன் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அவள் போனபின் என் மனைவி மயிலாத்தாள் சமையலறையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இருப்பது ஒரே பேத்தி. பெயர் த்ரிஷ்விகா. அதைக் காகிதத்தில் எழுதி வாங்கித்தான் படித்தேன். நாங்கள் பாப்பா என்று கூப்பிடுகிறோம். ஆறு மாதக் குழந்தையை யாரோ ஒருத்தி இருபது குழந்தைகளோடு சேர்த்துப் பாயில் போட்டு வளர்ப்பாள், நாங்கள் இங்கே நாலாவது மாடியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்போம்.

அந்த எண்ணைக் குறைத்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஜூன் 5, வியாழன்

பெரிய ஷோரூமுக்கு மயிலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு விருப்பமே இல்லை. “டிவியில என்ன கொறையாம்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மொதல்ல காதைக் காட்டுங்க டாக்டர்கிட்ட” என்று ஆட்டோவிலேயே ஆரம்பித்தாள். பொங்கலிலிருந்து இதே பாட்டு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவள் இப்போதெல்லாம் ரொம்பவும் கத்திப் பேசுகிறாள், வயசானால் சிலருக்குத் தொண்டை அப்படி ஆகிவிடும்.

ஷோரூமில் டை கட்டியவர் ஒரு பெட்டியைக் காட்டி ஆயிரம் வாட்ஸ் என்றார். எங்கள் மில்லில் ஒரு சின்ன மோட்டாருக்கே அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். “பேச்சு தெளிவாக் கேக்குங்களா?” என்று கேட்டேன். அவர் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். கார் உருண்டது, கண்ணாடி நொறுங்கியது, ஒரு கட்டடமே விழுந்தது. கட்டடம் விழுந்தது பிரமாதமாகக் கேட்டது. அதற்கு நடுவில் கதாநாயகி அவனிடம் என்னமோ சொன்னாள். அழுதுகொண்டே சொன்னதால் முக்கியமானதாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். மயிலா அந்தக் கோடியில் வாஷிங் மெஷின் பக்கம் நின்றபடி கையைத் தூக்கினாள். கட்டை விரலால் உள்ளங்கையை இரண்டு தடவை தேய்த்து, சுட்டு விரலை வாசல் பக்கம் ஆட்டினாள். விலை ஜாஸ்தி, கிளம்பு.

இது எங்கள் மில் பாஷை. நான் நூல் நூற்கிற ஸ்பின்னிங், அவள் அதைச் சுற்றுகிற வைண்டிங். ஆயிரக்கணக்கான நூல் கதிர் சுற்றுகிற இரைச்சலில் வாய்ப்பேச்சுக்கு வேலை கிடையாது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறான். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால் நூல் அறுந்தது, மெஷினை நிறுத்து. வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். மற்றதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். எண்பத்தாறில் நான் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டதே அப்படித்தான். என்ன கையைக் காட்டினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

ஆயிரம் வாட்ஸ் வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

ஜூன் 8, ஞாயிறு

கோகிலா குடும்பத்தோடு வந்தாள். அவள் வருமுன்பே டிவியை இருபதில் வைத்துவிட்டேன். இரண்டரை மணி நேரம் ஒரு குடும்பப் படம் பார்த்தோம். மாப்பிள்ளை சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். ஒரு இடத்தில் அவர் இருமினார், அதற்கும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

கீழே ஆங்கில எழுத்து ஓடவிட்டிருந்தேன். “தமிழ்ப் படத்துக்கு எதுக்குங்கப்பா இது?” என்றாள். “இங்கிலீஷ் மறந்துபோகக் கூடாதுல்ல” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் எண் இருபது. அதை அவள் பார்த்தாள். நான் அவள் பார்த்ததைப் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. யாருக்கும் எதுவும் கேட்காததால் வீடு நிம்மதியாக இருந்தது.

ஜூன் 14, சனி

சரியான இடம் கிடைத்துவிட்டது. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. நடத்துகிறவர் மெர்சி என்ற அம்மாள், ஐம்பதை ஒட்டிய வயது, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருக்கிறார். வாட்ஸ் பற்றிப் பேசவே இல்லை. ஹால் எத்தனை அடி, சோபா சுவரோடு ஒட்டியிருக்கிறதா, கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் பெட்டிப் பக்கமே போனார்.

“என்ன வேலை சார் பாத்தீங்க?”

“மில்லுல மேஸ்திரிங்க.”

“அப்ப சுளுவாச் சொல்லீர்லாம். ரிசீவர்ங்கறது மேஸ்திரிங்க சார். டிவியிலிருந்து வர்ற சத்தத்தை வாங்கி, பேச்சை நடு ஸ்பீக்கருக்கு, பாட்டை ரெண்டு பக்கத்துக்கு, அதிர்வைக் கீழ இருக்கற பெரிய ஸ்பீக்கருக்குன்னு பிரிச்சுக் குடுக்கும். உங்களுக்கு வேண்டியது வாட்ஸ் இல்ல, நல்ல நடு ஸ்பீக்கரு. பேச்சை மட்டும் தனியா ஏத்திக்கலாம்.”

முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு இன்ஜினியரும் எனக்கு இவ்வளவு ஒழுங்காக எதையும் விளக்கியதில்லை. மரியாதை தெரிந்தவர். ஆரம்பத்தில் பெட்டியைப் பார்த்துப் பேசியவர், ஐந்து நிமிஷத்துக்கு அப்புறம் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

பிறகு அவர் சொன்ன ஒரு சங்கதியில் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இந்த ரிசீவரில் சத்தத்தின் அளவு மைனஸில்தான் தெரியும். முழுச் சத்தம் என்பது பூஜ்யம். அதற்குக் கீழே எவ்வளவு குறைத்திருக்கிறோம் என்பதைத்தான் காட்டும். வீட்டில் மைனஸ் இருபது, மைனஸ் முப்பது என்றுதான் ஓடுமாம். நான் காது கிழிய வைத்தாலும் கோகிலா வந்து பார்க்கும்போது மைனஸ் பத்து என்றிருக்கும். மைனஸில் இருக்கிற சத்தத்தை யார் குறை சொல்ல முடியும்?

போன வருஷ மாடல் ஒன்று இருக்கிறது, என் கைக்கு அடங்குகிற விலை. அதோடு ஒரு சின்ன மைக்கும் வருகிறது. “நீங்க உக்கார்ற எடத்துல, உங்க காது ஒசரத்துக்கு இதை வெச்சாப் போதுங்க. பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு சத்தத்தை அனுப்பி, தானே கேட்டு, தானே சரி பண்ணிக்கும்.” பெட்டி காது கொடுத்துக் கேட்குமாம். நம் வீட்டில் ஒருத்தராவது கேட்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

கசப்பான நாள். பதினொரு மணிக்கு எதிர்வீட்டு அம்மா கதவைப் படபடவென்று தட்டுகிறார். குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, அவர் எண்ணியவரை பதினாலாம். தண்ணீர் வற்றிப் பருப்பு கரியாகிவிட்டது. நான் ஹாலில் சமையலறைப் பக்கமாக உட்கார்ந்து ரிசீவர் பற்றிய காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மயிலா எனக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அடுப்பு பக்கத்துலதான உக்காந்திருக்கறீங்க. காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்குது? மில்லுல தூக்குன பஞ்சு பத்தலீங்களா?” என்று மயிலா என்மேல் பாய்ந்தாள்.

“சமையல் உன்ற டிபார்ட்மெண்ட்டு.”

“உங்களுக்குச் சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்குதான்.”

எதிர்வீட்டு அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குக்கர் வெயிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். துவாரம் தேய்ந்துபோயிருந்தது போலத் தெரிந்தது. விசில் சத்தம் குறைந்ததற்கு அதுதான் காரணம். புது வெயிட் வாங்கிவந்து மாட்டிவிட்டேன். சாயங்காலம் மயிலா, கோகிலாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றாள். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோகிலா முடிவு சொல்ல வந்தாள், ஆனால் முடிவைச் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை பேங்க் வேலை இருக்கிறதாம். பத்து மணிக்குப் பாப்பாவை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு வந்து கூட்டிக்கொள்கிறாளாம்.

“சும்மா ஒரு ட்ரையலுங்கப்பா.”

மறுபடியும் சும்மா. எனக்கா தெரியாது? மில்லில் புது ஆளை எடுக்குமுன் ஒரு ஷிப்ட் ஓடவிட்டுப் பார்ப்போம். எத்தனை பேரை நான் அப்படி நிறுத்திவைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது என் மகள் எனக்கு டெஸ்ட் ஷிப்ட் போடுகிறாள்.

மயிலா உடனே, “நானிருக்கறேன் கண்ணு, உங்கப்பன் காதை நம்பியா உடற?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கோகிலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்ற காதை நம்பித்தாம்மா” என்றாள். மயிலா அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று பால்கனிக்குப் போய்விட்டாள். பந்தலுக்குக் காலையிலேயே தண்ணீர் விட்டாயிற்று.

ஜூன் 25, புதன்

பணம் கட்டியாகிவிட்டது. மெர்சி மாட்டித்தருகிற நாள் சனிக்கிழமை ஒன்பது மணி. வேறு நாள் கேட்டேன், காலி இல்லையாம். ஒரு விதத்தில் நல்லதுதான். கோகிலா பன்னிரண்டுக்குத் திரும்பி வரும்போது, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், பேச்சு தெளிவாகக் கேட்கும், எண் மைனஸில் இருக்கும், குழந்தை மடியில் இருக்கும்.

ஜூன் 28, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மெஷின் நின்றால் மேஸ்திரி அப்படித்தான் எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கு மெர்சி வந்தார். தானே ஏணியில் ஏறி வயர் இழுத்து, ஸ்பீக்கர்களை ரசமட்டம் வைத்து நிறுத்தினார். பத்து மணிக்குக் கோகிலா வந்தாள். பாப்பாவுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து, எங்கள் படுக்கையறையில் கட்டிலின் இரண்டு பக்கமும் தலையணை அணைகட்டி, ஹால் சத்தம் கேட்காமலிருக்கக் கதவைச் சாத்தினாள். “அழுதா பாட்டில்ல பால் இருக்குதும்மா” என்றாள். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் போய்விட்டாள்.

பத்தரைக்கு மெர்சி மைக்கைச் சின்ன ஸ்டாண்டில் மாட்டி, சோபாவில் நான் உட்காருகிற குழியில், என் காது உயரத்துக்கு வைத்தார். நடு ஸ்பீக்கருக்கு வைக்கும் பலகை கீழே அவருடைய வேனிலேயே இருந்துவிட்டது. லிஃப்ட் வேறு ரிப்பேர். “நான் எடுத்துட்டு வந்தர்றனுங்க சார். நீங்க இந்தப் பட்டனை அமுத்திட்டுத் தள்ளி உக்காந்துக்குங்க. பேச்சு மூச்சு இருக்கக் கூடாது, ஃபேனை நிறுத்தீருங்க. முடிஞ்சா டிவியில காட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பட்டனை அமுக்கினேன். டிவியில் சிவப்பு எழுத்து வந்தது. சுற்றுப்புறத்தில் சத்தம் அதிகம், மறுபடி முயற்சி செய்யவும்.

ஃபேன் நின்றுதான் இருந்தது. ஜன்னல்களைச் சாத்தினேன். மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே சிவப்பு. மயிலா எழுந்துபோய் ஃபிரிட்ஜை அணைத்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பாட்டரியை எடுத்தேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். மூன்றாவது தடவையும் சிவப்பு.

“ஏமாத்திப்போட்டாங்க. பழைய மாடலைத் தலையில கட்டீட்டாங்க” என்றேன்.

“நாந்தான் அப்பவே சொன்னனே” என்றாள் மயிலா.

மெர்சி பலகையோடு கதவைத் திறந்தார். அவர் வாயெடுக்குமுன் நான் பிடித்துக்கொண்டேன். “உங்க பெட்டி ரிப்பேருங்க. குண்டூசி விழுந்தாக் கேக்கும், அத்தன அமைதியா இருக்குது வீடு. இதுக்குச் சத்தம் அதிகமாமா.”

“ஆமாங்க மெர்சி” என்று மயிலாவும் சேர்ந்துகொண்டாள். “ஒரு சத்தமும் இல்லீங்க.”

மெர்சி பலகையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், மயிலாவைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார்.

“சார், பாப்பா அழுகுதுங்களே.”

நான் அவர் உதட்டைப் பார்த்துத்தான் அதைப் படித்தேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். திறந்தபின் எனக்கும் கேட்டது. குழந்தை கவிழ்ந்து, தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தது. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. தொண்டை கம்மிப்போயிருந்தது. தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தடவினேன். வேறென்னவாவது ஆகியிருந்தால் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

முதல் சிவப்பு வந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன், பத்து முப்பத்தாறு. மெர்சி உள்ளே வந்தது பத்து நாற்பத்தேழு. நடுவில் பதினொரு நிமிஷம். பெட்டி மூன்று தடவை சொல்லியிருக்கிறது. நாங்கள் சுவர்க் கடிகாரத்துப் பாட்டரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

மெர்சி பால்கனிப் பக்கம் போய் நின்றுகொண்டார். பால் குடித்துவிட்டு என் சட்டைப் பட்டனைப் பிடித்தபடி குழந்தை விசும்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. நான் கேட்கவில்லை, சரி. அவள்?

“மயிலா, உனக்குமா?”

அவள் தரையைப் பார்த்தாள். “ரெண்டு வருசமாச்சுங்க.”

“அப்பொறம் எதுக்கு என்னையச் செவிடன் செவிடன்னு ஊருக்கே தண்டோராப் போட்ட? ஈயத்தைப் பாத்து இளிச்சதாம் பித்தளை.”

“நீங்க டாக்டர்கிட்டப் போனீங்கன்னா, தொணைக்கு வந்த மாதிரி வந்து நானும் காட்டிக்கலாம்னு இருந்தனுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்கதான் போகவே மாட்டேன்னுட்டீங்களே.”

தோள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கக் கோகிலா வந்தாள். மெர்சி எல்லாம் முடித்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குழந்தை என் மடியில் சிரித்துக்கொண்டிருந்தது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, மைனஸ் இருபத்து நாலு. நான் திட்டம் போட்டது போலவே எல்லாம் இருந்தது.

“அழுதாளாம்மா?” என்று கேட்டாள் கோகிலா.

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மெர்சி சொல்லப் போவதில்லை, அது அவர் முகத்தில் தெரிந்தது. பாப்பாவுக்குப் பேசத் தெரியாது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளின் முதுகுக்குப் பின்னால் நின்ற மயிலாவைப் பார்த்தேன். அவள் கையை மார்பு உயரத்துக்குத் தூக்கி, இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினாள். நூல் அறுந்தது, மெஷினை நிறுத்து.

அறுந்த நூலோடு மெஷினை ஓட்டுகிறவன் மேஸ்திரி இல்லை.

“அழுதா கண்ணு” என்றேன். “பதனோரு நிமிசம். எங்க ரெண்டு பேருக்கும் கேக்கல.”

கோகிலா ரொம்ப நேரம் பேசவில்லை. ஒருவேளை பேசி எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று அவள் உதட்டைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. குழந்தையை வாங்கி மாரோடு இறுக்கிக்கொண்டாள்.

“உங்களுக்குன்னு தெரியுமுங்கப்பா” என்றாள் கடைசியில். “அம்மாவுக்கும்னு தெரியாது. அம்மா இருக்கறான்னுதான் உட்டுட்டுப் போனேன்.”

சாயங்காலம் க்ரெஷ்ஷுக்குப் பணம் கட்டிவிட்டதாக மயிலாவின் போனுக்கு எழுதி அனுப்பியிருந்தாள். போன் செய்யவில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை. முதல் பக்கத்தில் எழுதியது பொய். அதை அடிக்கவில்லை, நோட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது.

ஜூலை 2, புதன்

காது டெஸ்ட். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கேட்டது, அமுக்கினேன். பிறகு வெகுநேரம் சும்மா இருந்தார்கள். “அடுத்தது எப்பங்க ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன். “முடிஞ்சுதுங்க ஐயா” என்றாள் டெஸ்ட் எடுத்த பெண்.

அடுத்து மயிலா. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் அந்தப் பெண். இரண்டிலும் கோடு ஒரே இடத்தில் சரிந்திருந்தது.

“ரெண்டு பேரும் ஒரே மில்லுங்களா?” என்றாள்.

எங்கள் கல்யாணப் பொருத்தம் பார்த்த ஜோசியர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

ஜூலை 7, திங்கள்

காது மெஷின் வந்துவிட்டது, ஆளுக்கு இரண்டு. காலையிலிருந்து தலைவலி. ஃபிரிட்ஜ் இப்படி உறுமும் என்று யாரும் சொல்லவில்லை. என் செருப்புக்குக்கூட ஒரு சத்தம் இருக்கிறது.

“மயிலா, மெதுவாப் பேசு. காது வலிக்குது.”

“நீங்கதாங்க கத்தறீங்க.”

இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான்.

சாயங்காலம் ரிசீவரை அணைத்துவிட்டு, டிவியை அதன் சொந்த ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தேன். பதினாலில் எல்லா வசனமும் புரிகிறது. படத்துக்காரர்கள் ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறார்கள். இதை மெர்சியிடம் சொல்லப் போவதில்லை.

ஜூலை 12, சனி

கோகிலா வந்தாள். பெல் அடித்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அடித்தாள் என்று நினைக்கிறேன். கதவைத் திறக்க ஓடிய அவசரத்தில் மயிலா என்னை இடித்துவிட்டாள்.

க்ரெஷ் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் திங்களிலிருந்து காலை ஒன்பது முதல் ஒரு மணிவரை எங்களிடம் விடுவாளாம், மதியத்துக்கு மேல் அங்கே. அரை ஷிப்ட். நான் பேரம் பேசவில்லை. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

9.05: பாப்பா வந்தாள்.

9.40: தூங்கினாள். கதவைச் சாத்தவில்லை. டிவி போடவில்லை.

10.17: அழுதாள். 10.17: தூக்கியாயிற்று.

முதலில் கேட்டது நான். எழுந்தது நான். மயிலா தான்தான் முதலில் கேட்டதாகவும், நான் அவள் எழுந்ததைப் பார்த்துவிட்டு எழுந்ததாகவும் சொல்கிறாள். எதிர்வீடுவரை கேட்கும்படி, “உங்களுக்கு எங்க கேட்டுச்சு, நீங்கதான் செவிடாச்சே” என்றாள். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.